கருணைக்கு வசனம் இல்லை

தமயந்திக்குக் கருணை வேடம் கிடைத்ததற்குக் காரணம் அவளுடைய நடிப்பு அல்ல, அவளுடைய மதம்.

அதிதி அதை மறைக்கவும் இல்லை. ஒளிவுமறைவு என்பது அந்தப் பெண்ணின் ஜாதகத்திலேயே கிடையாது. பிரேசர் டவுனில் அவர்கள் படித்த கல்லூரியின் தமிழ் மன்றத்துக்கு அவள்தான் செயலாளர். சமய நல்லிணக்க நாளுக்கான பத்து நிமிட நாடகத்தை எழுதியவள் அவள், இயக்குபவள் அவள், போதாததற்கு அதில் ஒரு வேடமும் அவளுக்கே. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் வாசலில் தமயந்தியை மடக்கிப் பிடித்தாள்.

“நீ புத்திஸ்ட்தானே? சூப்பர். ஹிந்துவைப் போட்டா ஏன்னு கிறிஸ்டியன்ஸ் கேப்பாங்க, கிறிஸ்டியனைப் போட்டா மத்தவங்க கேப்பாங்க. உன்னைப் போட்டா யாருக்கும் ஒரு ப்ராப்ளமும் இல்ல. நீதான் கருணை. ஆய்த்து.”

“வசனம் நிறைய இருக்குமா?”

“ஒண்ணுகூட இல்ல. வந்து நின்னா போதும்.”

வேறொருத்தியாக இருந்தால் இதைக் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். தமயந்திக்கோ உச்சி குளிர்ந்துபோயிற்று. கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து தினமும் விடியற்காலை ரயிலைப் பிடித்து வந்து, மாலை நாலு மணிக்கு மணி அடித்ததும் அடித்துப் பிடித்து ஸ்டேஷனுக்கு ஓடுகிறவள் அவள். இரண்டு வருடமாக ஒரு விழாவுக்கு நின்றதில்லை, ஒரு பிறந்தநாள் கேக்கைக் கூட வாயில் வைத்ததில்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. ‘ட்ரெயின்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட வேண்டிய அவசியமும் அடிக்கடி வந்ததில்லை. ஒத்திகை சாப்பாட்டு நேரத்தில்தான் என்று அதிதி சொன்னதும், தமயந்தி அந்த இடத்திலேயே சரி என்று விட்டாள். இந்தக் கல்லூரியில் தனக்கென்று கிடைத்த முதல் இடம் இது, இதை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

கதை சின்னதுதான். ஒரு வழிப்போக்கன் களைத்துப்போய் ஒரு சத்திரத்துக்கு வருகிறான். அங்கே பக்தி, நம்பிக்கை, கருணை என்று மூன்று பெண்கள் இருக்கிறார்கள். பக்தி அவனுக்கு வழி காட்டுகிறாள், நம்பிக்கை அவனை நடக்கச் சொல்கிறாள், கருணை கையை உயர்த்தி ஆசீர்வதிக்கிறாள். அவன் “நன்றி, தாயே!” என்று உருகுகிறான். திரை. வழிப்போக்கன் நோயல். பக்தி ஸ்ரீவித்யா. நம்பிக்கை, வேறு யார், அதிதியேதான்.

கதை எழுதிய நேரத்தைவிட, யாரைப் பார்த்தாலும் எந்த மதத்தின் ஞாபகமும் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு மல்லுக்கட்டிய நேரம்தான் அதிகம். அதை விதித்தவர் தமிழ்த்துறை சில்வெஸ்டர் சார். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். அவர் ரகசியம் பேசினால்கூடக் கடைசி பெஞ்சு வரை கேட்கும். பக்தியின் கையில் குத்துவிளக்கைக் கொடுத்தால் கோயில், மெழுகுவத்தியைக் கொடுத்தால் சர்ச். கடைசியில் ஒரு பழைய அரிக்கேன் விளக்கைத் தேடிப் பிடித்தார்கள், அது எந்தச் சாமிக்கும் சொந்தமில்லை. நம்பிக்கையின் கையில் இருந்த துளசிச் செடியை எடுத்துவிட்டுக் கருவேப்பிலைக் கன்றை வைத்தார்கள். அதற்கும் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

கருணைதான் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை.

முதல் நாள், பௌர்ணமிக்கு அம்மா கட்டும் வெள்ளைப் புடவையை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து கட்டிக்கொண்டு நின்றாள் தமயந்தி. சில்வெஸ்டர் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“கன்னியாஸ்திரி மாதிரி இருக்கும்மா. வேற கலர் பாரு.”

இரண்டாம் நாள் மஞ்சள் புடவை. அது அம்மன் மாதிரி இருந்தது. பச்சையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. நீலம் கட்டிக்கொண்டு வந்து கையை உயர்த்தி ஆசீர்வதித்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த நோயல் விழுந்து விழுந்து சிரித்தான்.

“மச்சா, இது எலெக்ஷன் சிம்பல்! ஓட்டு கேக்க வந்த மாதிரி இருக்கு!”

“அப்போ கையில ஒரு தாமரை குடுக்கலாமா?” என்றாள் ஸ்ரீவித்யா, யோசிக்காமல்.

“அது இன்னொரு கட்சி” என்றார் சில்வெஸ்டர் சார்.

அடுத்து தெர்மோகோல் புறா ஒன்று வந்தது. அதை வைத்துக்கொண்டு நின்றால் கோழி வாங்கிப் போகிறவள் மாதிரி இருந்தது. கண்ணீர் விட்டுப் பார் என்றாள் அதிதி. வசனம் இல்லாமல், காரணம் இல்லாமல், ஒரு பெண் மேடையில் நின்று அழுதால் பார்க்கிறவர்கள் என்னவோ ஏதோ என்று பயந்துபோவார்கள். எட்டு நாளில் தமயந்தி எட்டு விதமாக நின்றாள். எட்டும் சரிப்படவில்லை. வந்து நின்றால் போதும் என்று சொல்லித்தான் அவளை அழைத்து வந்தார்கள், அந்த நிற்பதுதான் அவளுக்கு வரவில்லை.

புதன்கிழமை சில்வெஸ்டர் சார் அதிதியைத் தனியாக அழைத்து ரகசியமாகச் சொன்னார். வழக்கம்போல ஹால் முழுக்கக் கேட்டது.

“நாளைக்கு முழு ஒத்திகை. நாளைக்கும் அந்தப் பாத்திரம் உருவாகலேன்னா எடுத்துடு. பக்தி, நம்பிக்கை ரெண்டு பேர் போதும். அந்தப் பொண்ணு பாவம், எத்தனை நாளைக்கு அதை பொம்மை மாதிரி நிக்க வைக்கிறது?”

அந்தப் ‘பாவம்’தான் தமயந்திக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று மாலை ரயிலில் அவள் யாரிடமும் பேசவில்லை. பேசாமல் இருப்பதும் லேசில்லை, ஏனென்றால் லேடீஸ் பெட்டி முழுக்க அவள் நாடகச் செய்தி பரவியிருந்தது. ரோஸி அக்கா சனிக்கிழமை மதியத்துக்கு டியூட்டி மாற்றி வாங்கியிருந்தாள். கன்டோன்மெண்ட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறவள் அவள். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும், வாய்க்கு மட்டும் வயதே கிடையாது. “எங்க பொட்டியிலருந்து ஒருத்தி ஸ்டேஜ் ஏறப்போறா, நாங்க போயி கை தட்டாம வேற யாரு தட்டுவாங்க?” என்று சூப்பர்வைசரிடம் சண்டை போட்டே வாங்கியிருந்தாள். அவளிடம் போய், அக்கா, என்னை எடுத்துவிடப் போகிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது?

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். பங்காரப்பேட்டையில் ஏறுகிறவர்களுக்குக் கம்பிதான் கிடைக்கும். அதனால் அந்தப் பெட்டியில் ஒரு பழக்கம். மாலூர் வந்ததும் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துகொள்வார்கள், நின்றுகொண்டு வந்தவர்கள் உட்காருவார்கள். அதுவரை நிற்பவர்களுடைய பைகளெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களின் மடியில் இருக்கும். போகும்போதும் மாலூர், திரும்பும்போதும் மாலூர். யார் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. கேட்பதும் இல்லை, எழுந்ததற்கு யாரும் நன்றி சொல்வதும் இல்லை. புதிதாக வந்த நர்ஸ் பெண் ஒருத்தி ஒரு நாள் வாய் தவறி “தேங்க்ஸ்” என்று சொல்லிவிட, ரோஸி அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இன்னாத்துக்கு தேங்க்ஸு? சாயங்காலம் நீ எந்திரிக்கப் போற, நான் குந்தப் போறேன். அவ்ளோதான். இதுல இன்னா தேங்க்ஸு?”

வியாழக்கிழமை காலை தமயந்தி ரயிலேறியபோது முந்தைய இரவு ஒரு பொட்டுத் தூக்கம்கூட இல்லை. கருணைக்கு என்ன உருவம் என்று புரண்டு புரண்டு யோசித்ததில் விடிந்தே போயிருந்தது. ஜன்னலோர இடம், வந்த திசையைப் பார்த்த சீட். பங்காரப்பேட்டையில் ரோஸி அக்கா ஏறி, பையை அவள் மடியில் வைத்ததும், அந்தப் பையிலிருந்து எலுமிச்சைச் சாத வாசனை வந்ததும் ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் ஞாபகம் இல்லை.

விழித்துப் பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே பெரிய பெரிய கட்டிடங்கள். ஒயிட்ஃபீல்டு! தமயந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாலூர் எப்போதோ போய்விட்டது. இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் இப்படிச் செய்ததில்லை. அந்தப் பெட்டியில் யாருமே செய்ததில்லை. மடியில் ரோஸி அக்காவின் பை அப்படியே இருந்தது. ரோஸி அக்காவும் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை மேலே கைப்பிடியைப் பிடித்திருக்க, இன்னொரு கையால் முந்தானையை ஜன்னல் பக்கம் விரித்துப் பிடித்திருந்தாள். அப்போதுதான் தமயந்திக்குப் புரிந்தது, காலை வெயில் நேராகத் தன் முகத்தில் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

“அக்கா! ஏன்க்கா எழுப்பல?” என்று பதறி எழுந்தாள். வெட்கத்தில் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க வார்டில் நிற்கப் போகிற கால்கள் அவை. சாயங்காலத்துக்குள் வீங்கிவிடும் என்று ரோஸி அக்காவே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்.

“வாயப் பொளந்துகினு தூங்குன. கொசு பூந்துரப் போவுதுன்னு பாத்துகினு இருந்தேன்” என்றாள் ரோஸி அக்கா, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டே. “நின்னா இன்னா, செத்தா பூடுவேன்? எந்திரி எந்திரி, பையக் குடு. இன்னும் கொஞ்ச நேரமாவது குந்துறேன்.”

உட்கார்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அவளைப் பொறுத்தவரை அது முடிந்துபோன விஷயம்.

தமயந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கே.ஆர்.புரம் போயிற்று, பையப்பனஹள்ளி போயிற்று. அவளுடைய கை தலைக்கு மேலே கைப்பிடியில் இருந்தது. அதை அண்ணாந்து பார்த்தாள். எட்டு நாளாக இந்தக் கையைத்தானே எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தோம் என்று நினைத்துக்கொண்டாள். ஈஸ்ட் ஸ்டேஷனில் இறங்கிக் கல்லூரி வரை ஓடினாள். அன்று நேரமாகவில்லை, இருந்தும் ஓடினாள்.

அதிதியிடம் சொல்வது ரயில் பிடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. தமயந்திக்கு வார்த்தை கோவையாக வராது, அதிதிக்கோ அடுத்தவர் வாக்கியம் முடியும்வரை பொறுமை இருக்காது.

“இரு இரு. நீ முதல்ல இருந்தே சத்திரத்துல உக்காந்திருக்க. நோயல் வந்ததும் எழுந்து சேரைக் குடுக்கற. அவன் தூங்கறான். நீ பக்கத்துல நிக்கற. அவ்வளவுதானா?”

“அவனோட பையை நான் வச்சிருப்பேன். வெயில் வந்தா மறைப்பேன்.”

“தமயந்தி, இது சிம்பாலிக் கேரக்டர். கருணைன்னா ஒரு பெரிய விஷயம். நீ சொல்றது பஸ்ல சீட் குடுக்கற மாதிரி இருக்கு.”

“பஸ் இல்ல, ட்ரெயின்” என்றாள் தமயந்தி. தானே எதிர்பாராத அழுத்தத்தோடு சொன்னாள். அதிதி வாயை மூடிக்கொண்டது அந்த வருடத்திலேயே அதுதான் முதல் முறை.

ஒத்திகை தொடங்கியது. தமயந்தி புடவை எதுவும் கட்டவில்லை, தினமும் போடுகிற சுடிதார்தான். மேடை நடுவில் ஒரே ஒரு நாற்காலி, அதில் அவள். நோயல் தோளில் மூட்டையோடு தள்ளாடி வந்தான். அவள் எழுந்தாள். அவனிடமிருந்து மூட்டையை வாங்கிக்கொண்டாள், ஒதுங்கி நின்றாள். அவன் உட்கார்ந்து, கையெடுத்துக் கும்பிட்டு, “நன்றி, தாயே!” என்று குரலை நடுங்கவிட்டான்.

“அதைச் சொல்லாத” என்றாள் தமயந்தி.

“எதை?”

“நன்றியை. நீ என்னைப் பார்க்கவே கூடாது. உனக்குத் தூக்கம் வருது. நீ பாட்டுக்குத் தூங்கிடு.”

“மச்சா, என்னோட பெஸ்ட் லைன் அது!” என்று நோயல் அதிதியிடம் முறையிட்டான். அதிதிக்கும் அது தான் எழுதியதிலேயே பிடித்த வரி. இருவரும் சில்வெஸ்டர் சாரைப் பார்த்தார்கள்.

“ஒரு தடவை அப்படித்தான் செஞ்சு பாருங்களேன்” என்றார் அவர். கைக்கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

நோயல் வேண்டாவெறுப்பாகத் தூங்கினான். பக்தி அரிக்கேன் விளக்கோடு வந்து, தூங்குகிறவனின் கனவில் பேசுவதுபோல வழி சொன்னாள். நம்பிக்கை கருவேப்பிலைக் கன்றோடு வந்து, நடந்தால் தூரம் குறையும் என்றாள். அவர்கள் பேசுகிற நேரமெல்லாம் தமயந்தி நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். ஒரு கையில் மூட்டை, இன்னொரு கை தலைக்கு மேலே, இல்லாத ஒரு கைப்பிடியைப் பிடித்திருந்தது. மதிய வெயில் ஹாலின் பக்கவாட்டுக் கதவு வழியாக மேடைக்கு ஏறி, நோயலின் முகத்தில் விழுந்தது. தமயந்தி நாடகத்துக்காகச் செய்தாளா, தன்னையறியாமல் செய்தாளா என்று அவளைக் கேட்டாலும் தெரியாது. கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் அரை அடி நகர்ந்து நின்றாள். வெயில் அவள் முதுகில் விழுந்தது. கால் வலித்தது, ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றாள்.

நோயல் நிஜமாகவே தூங்கிப்போயிருந்தான்.

சில்வெஸ்டர் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். மேடையருகே வந்து, தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

“எங்கேருந்தும்மா கொண்டுவந்தே இதை?”

“மாலூர்லருந்து சார்” என்றாள் தமயந்தி. அவருக்குப் புரியவில்லை. மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

“ஆனா சார்,” என்று அதிதி நகத்தைக் கடித்தாள், “இவதான் கருணைன்னு ஆடியன்ஸுக்கு எப்படித் தெரியும்? கழுத்துல போர்டா மாட்ட முடியும்?”

ஐந்து நிமிடம் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சடக்கென்று நின்றாள். அந்தப் பெண்ணுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நோயலைத் தட்டி எழுப்பி, அவன் காதில் ஒரு வசனத்தைச் சொன்னாள். அதைக் கேட்டதும் நோயலுக்கு வாயெல்லாம் பல். பறிபோன ‘பெஸ்ட் லைன்’ வட்டியோடு திரும்பக் கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் கல்லூரி முதல்வர், விருந்தினர்கள், சால்வைகள். ரோஸி அக்கா பெட்டியிலிருந்து இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, தலைநிறையக் கனகாம்பரத்தோடு வந்திருந்தாள். நாற்காலி கிடைக்காமல் நால்வரும் கடைசிச் சுவரோரம் நின்றார்கள். அவர்களுக்கு நிற்பதொன்றும் புதிதில்லை.

திரை விலகியது. மேடைக்கு மேலே, சில்வெஸ்டர் சாரே எங்கிருந்தோ தேடி வாங்கிவந்து கட்டிவிட்ட ஒரு ரயில் கைப்பிடி தொங்கிக்கொண்டிருந்தது. தமயந்தியின் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உட்கார்ந்திருக்க வேண்டிய காட்சியாக இருந்ததால் தப்பித்தாள். நோயல் வந்ததும் எழுந்தாள், மூட்டையை வாங்கினாள், கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்த கணத்தில் பயம் போய்விட்டது. எத்தனை நூறு நாள் நின்றிருக்கிறாள் இப்படி! இந்த ஹாலில் இந்த வேலையை அவளைவிடச் சரியாகச் செய்யக்கூடியவர் யார்? கடைசிச் சுவரோரம் நிற்கும் நாலு பேரைத் தவிர.

பக்தி பேசிப் போனாள். நம்பிக்கை பேசிப் போனாள். இரண்டு பேருக்கும் கைதட்டல் கிடைத்தது. வழிப்போக்கன் சோம்பல் முறித்து எழுந்தான், நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டான். அதை அப்போதுதான் அங்கே வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்திருந்தாள் தமயந்தி. அவன் மேடையின் முன்னால் வந்து, சபையைப் பார்த்துச் சொன்னான்.

“இந்தச் சத்திரத்தில் மூன்று பேர் இருப்பதாகச் சொன்னார்கள். பக்தியைப் பார்த்தேன். வழி தெரிந்தது. நம்பிக்கையைப் பார்த்தேன். நடக்கத் தெம்பு வந்தது. ஆனால் கருணை இங்கே இருக்கிறாள் என்றார்களே... அவளை மட்டும் நான் பார்க்கவே இல்லை.”

முன்வரிசை முதல்வர்கூட அசையவில்லை. பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி தமயந்தி நின்றுகொண்டே இருந்தாள்.

அப்போது கடைசிச் சுவரோரத்திலிருந்து ஒரு குரல் ஹாலைக் கிழித்துக்கொண்டு வந்தது.

“டேய்! உன் பின்னாலதான்டா நிக்கிறா! இவ்ளோ நேரமா நிக்கிறா பாருடா! கண்ணு இன்னா பொடணியிலயா வச்சிருக்க?”

ஹாலே வெடித்துச் சிரித்தது. சிரித்துக்கொண்டே எழுந்து கைதட்டியது. நோயல் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மேடையை விட்டு ஓடினான். திட்டத்தில் இருந்த கடைசி ஒரு அசைவு மட்டும் பாக்கி. காலியான நாற்காலியைத் தமயந்தி பார்த்தாள். முந்தானை இல்லாததால் துப்பட்டாவை உதறிச் செருகிக்கொண்டு, கனத்த காலோடு போய் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். திரை.

மேடைக்குப் பின்னால் அதிதி அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். “யாரு அந்த லேடி? அந்த லைனை நான் எழுதியிருக்கணும்!” என்றாள். யார் யாரோ வந்து கை கொடுத்தார்கள். “தமயந்தி, சூப்பர்” என்றார்கள். யாரும் ட்ரெயின் என்று சொல்லவில்லை. அவளுக்கு அழுகை வருவதுபோல் இருந்தது, சிரித்துச் சமாளித்தாள்.

ஈஸ்ட் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது ரோஸி அக்காவின் ஆத்திரம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

“எல்லாத்துக்கும் வசனம் குட்த்தாங்க, உனக்கு மட்டும் ஒண்ணியும் குடுக்கல பாத்தியா? அந்தப் பையனாச்சும் ஒரு வார்த்தை சொன்னானா? மூட்டையத் தூக்கிகினு பூட்டான். நல்ல வேளை, நான் சொன்னேன்.”

“ஆமாக்கா. நீ சொன்னதாலதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது.”

“ஆனா நீ நின்ன பாரு, அது நல்லா இருந்துச்சும்மா. நெசமாவே கால் வலிக்கிற மாதிரியே நின்ன. யாரு கத்துக் குட்த்தாங்க?”

பதில் சொல்வதற்குள் ரயில் வந்துவிட்டது. கூட்டத்தில் முட்டி மோதி ஏறினார்கள். பெட்டியில் தெரிந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்து ஒரு ஆளுக்கு இடம் விட்டார்கள். தமயந்தி ரோஸி அக்காவைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். மாலூர் வரை அவள், மாலூருக்கு அப்புறம் இவள். ரோஸி அக்கா தமயந்தியின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது சொல்லிவிடலாம், நீதான் அக்கா கற்றுக் கொடுத்தாய் என்று வாயைத் திறந்தபோது, ரோஸி அக்கா பையைக் கட்டிக்கொண்டு தூங்கியிருந்தாள். கனகாம்பரம் நசுங்கிச் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் இருட்டிவிட்டது. ஜன்னலில் குளிர் காற்று வீசியது. தமயந்தி குனிந்து ஷட்டரை இறக்கிவிட்டாள். மாலூர் வந்தது. பெட்டியில் ஒவ்வொருவராக எழுந்தார்கள், ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எதிர் சீட்டு நர்ஸ் பெண் ரோஸி அக்காவின் தோளைத் தட்டக் கை நீட்டினாள். தமயந்தி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். டேக்கல் போயிற்று. கால் நிஜமாகவே வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பங்காரப்பேட்டையில் எழுப்பித்தான் ஆகவேண்டும், அதுதான் ரோஸி அக்கா இறங்கும் இடம்.

“அக்கா, ஊர் வந்துடுச்சு.”

ரோஸி அக்கா திடுக்கிட்டு விழித்தாள். வெளியே விளக்குகளைப் பார்த்தாள். பெயர்ப் பலகையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கைப்பிடியைப் பிடித்து நிற்கும் தமயந்தியைப் பார்த்தாள். மேலே இருந்த கையைப் பார்த்தாள், மாற்றி மாற்றி ஊன்றும் காலைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

“அடிப்பாவி” என்றாள். “மேடையில... அது நானா?”

தமயந்தி சிரித்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

ரோஸி அக்கா ஏதோ சொல்ல வந்தாள். இறங்குகிற கூட்டம் தள்ளியது. அவசர அவசரமாக எழுந்து, மடியிலிருந்த தமயந்தியின் பையை வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி அந்த இடத்தில் வைத்து, அதை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போனாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தமயந்திக்கு வருத்தமாக இருந்திருக்கும்.